சராசரி மழையில் மரம் வளராது

1996ஆம் வருடம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பார்க்கிற அதிகாரியாக இருந்தேன். தேக்கு நடக் கடன் வேண்டும் என்று ஒரு விவசாயி வந்தார். அப்போது தேக்கு என்றால் ஊருக்கே கிறுக்கு. பேப்பரைப் பிரித்தால் தேக்குத் தோட்டக் கம்பெனி விளம்பரம்தான். இவர் கம்பெனியை நம்பவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கல்லணைக் கால்வாய்க் கரையில் நிற்கிற தேக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு, நம்ம நிலத்திலும் வைப்போம் என்று முடிவு செய்திருந்தார். நிலம் மூன்று ஏக்கர், செம்மண் மேட்டாங்காடு. ஒரு கிணறு.

விண்ணப்பத்தில் 'ஆண்டு சராசரி மழையளவு' என்று ஒரு கட்டம் உண்டு. புள்ளிவிவரப் புத்தகத்தைப் புரட்டி 900 சொச்சம் மில்லிமீட்டர் என்று நிரப்பினேன். அதற்குக் கீழே 'மழையளவு பயிருக்கு ஏற்றதா?' என்று இன்னொரு கட்டம். 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை நிமிட வேலை. நிலத்தைப் போய்ப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. எல்லைக்கல் பார்த்தேன், கிணற்றில் தண்ணீர் பார்த்தேன், பட்டாவோடு சரிபார்த்தேன். அந்த மேட்டில் தானாக என்ன மரம் முளைத்து நிற்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

கன்றுகள் இரண்டு கோடை தாங்கின. மூன்றாவது கோடையில் கருகின. வட்டி ஏறியது. கடைசியில் ஒரு ஏக்கரை விற்று அடைத்தார். வங்கிக்குப் பணம் வந்துவிட்டது, நாங்கள் கோப்பை மூடிவிட்டோம். எனக்கு அடுத்த ஊருக்கு மாறுதல் வந்தது.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு கட்டத்தில் நான் எழுதிய எண் தவறான எண் இல்லை. சரியான எண்தான். ஆனால் அதில் மழை எந்த மாதம் பெய்தது, எத்தனை நாள் பெய்தது, எத்தனை மாதம் பெய்யாமல் இருந்தது என்று எதுவும் இல்லை. தேக்குக்கு வேண்டியது அதுதான்.

2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த ஐந்து ஏக்கரில் இறங்கினேன். பாடம் படித்துக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. அப்போது மலைவேம்பு அலை. ஆவணி கடைசியில் ஒன்றரை ஏக்கரில் மலைவேம்பு மட்டும் வரிசை பிடித்து நட்டேன். ஐப்பசி கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டையே கைவிட்டது. மாநிலத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது 440 மி.மீ. அளவு, அந்த வருடம் கிடைத்தது 170 மி.மீ.கூட இல்லை. நூறு வருடத்துக்கு மேலான கணக்கில் அவ்வளவு மோசமான பருவமழை இல்லை என்றார்கள். என் மலைவேம்பு கணக்கும் அதோடு முடிந்தது.

அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. கைகால் ஓடாதபோது வங்கிக்காரன் என்ன செய்வான்? நோட்டை எடுத்து எண்ணினேன். தென்னை 62இல் 51 சாய்ந்திருந்தது. பலா ஒன்பதும் போயிற்று. பனை 23, ஒன்றுகூட விழவில்லை. வேம்பில் கிளை முறிந்தவை நிறைய, வேரோடு சாய்ந்தவை இரண்டே. ஊர் அய்யனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பார்த்தால், ஓரத்தில் யாரோ பிற்பாடு வைத்த மரங்கள்தான் கிடந்தன. உள்ளே வீரையும் பாலையும் இலை உதிர்ந்து நின்றுகொண்டிருந்தன. ஐம்பத்தைந்து வருடமாக அந்தக் காட்டைத் தாண்டித்தான் போய் வருகிறேன். உள்ளே என்ன மரம், எத்தனை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக எண்ணத் தோன்றியது.

சில மாதம் கழித்து ஒரு டீக்கடையில் அந்தத் தேக்கு விவசாயியைப் பார்த்தேன். வயதாகிவிட்டது. எனக்கு முகம் கொடுக்கவே கூச்சம். அவரே வந்து உட்கார்ந்தார்.

"சார், அந்தத் தேக்குல ரெண்டு இன்னும் நிக்குது, தெரியுமா?"

"எங்கண்ணே?"

"கிணத்து வாய்க்கா ஓரத்துல. கஜாவுக்கும் விழல."

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாய்க்கால் ஓரம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. தொள்ளாயிரம் மில்லிமீட்டரில் மூன்று ஏக்கர் கருகியது. அதே தொள்ளாயிரத்தில் வாய்க்கால் ஓரம் இரண்டு பிழைத்தது. மரம் படிப்பது புள்ளிவிவரப் புத்தகத்தை அல்ல, தன் வேருக்குக் கீழே எத்தனை மாதம் ஈரம் இருக்கிறது என்பதைத்தான்.

பள்ளிக்கூடத்து விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா முடிந்து பள்ளிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய 2022 ஜூனில், எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் அறிவியல் டீச்சர் வந்து கேட்டார்கள். "பிள்ளைங்களுக்கு வாரத்துல ஒரு மணி நேரம் ஏதாவது சொல்லிக் குடுங்க சார்" என்று. இயற்கை விவசாயம் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. பேசினால் பிள்ளைகள் தூங்கும். மழை அளக்கலாம் என்றேன்.

மழைமானி செய்ய ஐந்து பைசா செலவில்லை. பக்கம் நேராக இருக்கிற இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகப் புனல் மாதிரி அதற்குள்ளேயே செருக வேண்டும். பாட்டில் அடி மேடுபள்ளமாக இருக்கும். அதனால் அடிப்பகுதி நேராகும் மட்டம் வரை சிமெண்ட் கலவை போட்டு, அங்கிருந்து ஸ்கேல் ஒட்ட வேண்டும். பக்கம் நேராக இருந்தால் பாட்டில் பெரிதா சிறிதா என்பது பிரச்சினையே இல்லை. உள்ளே 10 மி.மீ. நின்றால் வெளியே பெய்ததும் 10 மி.மீ.தான். மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு பங்கு தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். நம் வானிலைத் துறை நாடு முழுக்க மழை எடுக்கிற நேரமும் அதுதான்.

முதல் மாதமே இரண்டு கோளாறு. ஒரு குழு மானியை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டது, அவர்கள் மழை எப்போதும் குறைவு. இன்னொரு பையன் மழையே இல்லாத நாளில் 14 மி.மீ. எழுதியிருந்தான். விசாரித்தால், சும்மா பூஜ்யம் பூஜ்யம் என்று எழுத அவனுக்கு அலுத்துவிட்டது, அதனால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியிருக்கிறான்! நான் சிரித்துவிட்டேன். வங்கியில் இதைவிடப் பெரிய ஆட்கள் இதே வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஒரு கோளாறைத்தான் விடாமல் திருத்தினேன். சனி, ஞாயிறு பள்ளி இல்லை. திங்கள்கிழமை வந்து அந்த இரண்டு நாளுக்கும் 0 என்று எழுதிவிடுவார்கள். அது பூஜ்யம் இல்லை. அது 'பார்க்கவில்லை'. பணப்பெட்டியில் பணம் இல்லை என்பதும், பெட்டியை எண்ணவில்லை என்பதும் ஒன்றா? திங்கள் காலை மானியில் நிற்பது மூன்று நாள் மழை. அப்படியே 'மூன்று நாள் சேர்த்து' என்று எழுதச் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை, பள்ளிக்குப் பக்கத்து வீடு, ஞாயிற்றுக்கிழமையும் தானே வந்து பார்க்கிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு வரை அவள் நோட்டில்தான் 'பார்க்கவில்லை' குறைவு.

பெரியவர்கள் மழையை மில்லிமீட்டரில் சொல்வதில்லை, உழவில் சொல்வார்கள். 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை'. பிள்ளைகள் ஒவ்வொரு மழைக்கும் தாத்தா பாட்டியிடம் எத்தனை உழவு என்று கேட்டு, பக்கத்தில் மில்லிமீட்டரை எழுதினார்கள். எங்கள் செம்மண்ணில் ஒரு உழவு மழை என்பது 20 முதல் 25 மி.மீ.க்குள் வந்தது. களிமண் ஊரில் வேறு மாதிரி வரும், அளந்து பாருங்கள். 25 மி.மீ. மழை ஒரு ஏக்கரில் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். இதைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டியபோது வகுப்பே வாயைப் பிளந்தது. வரப்பை உயர்த்துங்கள் என்று நான் பெரியவர்களிடம் பத்து வருடம் சொன்னதைவிட, பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்ன அந்த ஒரு லட்சம் அதிக வேலை செய்தது.

பள்ளிகள் இப்படி அளந்து ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது புதிதில்லை. 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய 'குளோப்' என்கிற திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மழை, வெப்பம் அளந்து பகிர்ந்துகொள்கிறார்கள். நம் நாட்டில் 'சீசன்வாட்ச்' என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தத்தெடுத்து, வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் பார்த்துப் பதிய வேண்டும். கேரளத்துப் பள்ளிகள் இதில் நிறையப் பங்கெடுக்கின்றன. எங்கள் பள்ளிக்குக் கணினி இருந்தது, இணையம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் 50 காசு அஞ்சலட்டை.

என் மைத்துனர் மகள் கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. "மாமா, எங்க பிள்ளைங்களும் அளக்கட்டும், கடிதம் போட்டுக்கலாம்" என்றாள். இரண்டு வாரத்துக்கு ஒரு அட்டை. தேதி, மழை, கூடவே ஒரு வரி சொந்தச் சேதி.

ஜூன், ஜூலை முழுக்க எங்கள் அட்டையில் 0, 0, 0, 3, 0. கூடலூர் அட்டையில் 41, 66, 28, 90. ஒரு அட்டையில் 138 என்று இருந்தது. கீழே: 'பத்து நாளாகச் சீருடை காயவில்லை. அடுப்புக்கு மேல் கொடி கட்டியிருக்கிறோம்.' எங்கள் பிள்ளைகளால் அதை நம்பவே முடியவில்லை. பள்ளிக்குப் பின்னால் குளம் வெடித்துக் கிடக்கிறது. ஒருவன் கேட்டான், "தாத்தா, ரெண்டும் தமிழ்நாடுதானே? அங்க பெய்யுற மேகம் இங்க வர பஸ் கிடையாதா?"

நல்ல கேள்வி. மண்ணைக் குவித்து மலை கட்டினோம். தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு வருகிற காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து கொட்டிவிடுகிறது. மலை இறங்கி நம் பக்கம் வரும்போது ஈரம் குறைந்து, சூடேறி, வறட்டுக் காற்றாகத்தான் வருகிறது. அந்த ஆடிக் காற்றுதான் நமக்குத் தெரிந்த தென்மேற்குப் பருவம். ஐப்பசியில் காற்று திரும்பும். அப்போது வங்கக் கடல் ஈரம் முதலில் நம் பக்கம். அக்டோபர் கடைசியில் எங்கள் அட்டை 72 என்று போனது. கூடலூர்ப் பிள்ளைகள் பதில் எழுதினார்கள்: 'இங்கே வெயில். துணி காய்ந்துவிட்டது. உங்கள் துணி எப்படி?'

ஒரு வருட நோட்டை விரித்துக் கூட்டினோம். எங்களுக்கு வருட மழையில் பெரும்பகுதி சில வாரங்களில், விரல் விட்டு எண்ணுகிற நாட்களில் வந்துவிட்டது. 2.5 மி.மீ. பெய்தால்தான் அதை மழைநாள் என்று வானிலைத் துறை கணக்கில் எடுக்கும். அந்தக் கணக்கில் தை முதல் சித்திரை வரை எங்கள் நோட்டில் மழைநாள் மூன்றுதான். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1996இல் நான் நிரப்பிய கட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த பிப்ரவரியில் ஒரு விசேஷத்துக்காக நானும் மனைவியும் கூடலூர் போனோம். மறுநாள் தெப்பக்காடு வழியாக மசினகுடிக்குப் பேருந்தில் போனோம். சுமார் 25 கிலோமீட்டர் இருக்கும். ஜன்னலோர இடம் கிடைத்தது. நோட்டும் பேனாவும் இல்லாமல் நான் இப்போது எங்கும் போவதில்லை. கூடலூர்ப் பக்கம் மரங்கள் ஓங்கி நின்றன. முதுமலைக்குள் நுழைந்ததும் தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி. தேக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது. ஆனாலும் என்ன உயரம்! தெப்பக்காடு தாண்டக் காடு குட்டையாகிக்கொண்டே வந்தது. மசினகுடி நெருங்கும்போது இலந்தை, வேலமரம், முள். ஏறக்குறைய நம் ஊர்த் தரிசு மாதிரியே இருந்தது. அங்கே யாரும் நடவில்லை. மேற்கே மழை அதிகம், கிழக்கே போகப் போகக் குறைவு. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அந்த மழைக் கணக்கு மரமாக நிற்கிறது.

இந்த முதுமலைக் காட்டுக்குள் ஓர் இடம் உண்டு, நாம் உள்ளே போக முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் யானை ஆராய்ச்சியாளர் ஆர். சுகுமார் குழு, 1988இல் ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம், அதாவது 50 எக்டேர் காட்டை அளந்து, அதில் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் இருந்த ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண் போட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். 25,000க்கும் மேல். சுமார் 70 இனம். அதோடு விடவில்லை. எது செத்தது, எது புதிதாக வந்தது என்று வருடம் தவறாமல் பார்த்து, சில வருடங்களுக்கு ஒரு முறை பருமனையும் அளக்கிறார்கள். வெண்டை, பருத்தி குடும்பத்தைச் சேர்ந்த கிடியா என்கிற சிறு மரம் தொடக்கத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தது. யானைகள் அதை முறித்து, பட்டை உரித்துத் தின்று, சில வருடங்களில் கிட்டத்தட்டத் துடைத்தே எடுத்துவிட்டன. ஒரு தடவை மட்டும் போய் எண்ணியவர், 'இங்கே கிடியா ஏராளம்' என்றோ, 'இங்கே கிடியா வளராது' என்றோ எழுதியிருப்பார், எந்த வருடம் போனார் என்பதைப் பொறுத்து. தீ வந்த வருடம், வறண்ட வருடம், யானை அதிகம் வந்த வருடம் எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. இப்படி ஒரு பேரேடு எந்த வங்கியிலும் கிடையாது.

இதற்கு முன்னோடி பனாமா கால்வாயில். கால்வாய்க்காக 1914 வாக்கில் ஏரி நிரம்பியபோது, ஒரு குன்றின் தலை தண்ணீருக்கு மேல் தீவாக நின்றது. பெயர் பாரோ கொலராடோ. அந்த மழைக்காட்டில் ஹப்பெல், ஃபாஸ்டர் என்ற இருவர் 1980இல் 50 எக்டேரைக் குறித்து எண்ணத் தொடங்கினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரம், சுமார் 300 இனம். 1983இல் அங்கே கடும் வறட்சி. முன்பே எண்ணி வைத்திருந்ததால்தான் எந்த மரம் எவ்வளவு செத்தது, ஈரம் விரும்பும் இனங்கள் எப்படிக் குறைந்தன என்று சொல்ல முடிந்தது.

இவ்வளவு இனம் ஒரே காட்டில் எப்படிக் கலந்து நிற்கிறது? ஏன் ஒரே மரம் மொத்தக் காட்டையும் பிடித்துக்கொள்ளவில்லை? 1970இல் ஜான்சன் என்பவரும், 1971இல் கானல் என்பவரும் தனித்தனியாக ஒரே விளக்கத்தைச் சொன்னார்கள். தாய்மரத்தடியில்தான் விதை அதிகம் விழுகிறது. ஆனால் அந்த மரத்துக்கே உரிய வண்டும் பூச்சியும் பூஞ்சணமும் அங்கேதான் காத்திருக்கின்றன. அதனால் தாய்க்கு அடியில் பிள்ளை பிழைப்பது அரிது. பறவையோ வெளவாலோ தூரத்தில் கொண்டு போட்டது பிழைக்கும். நடுவில் விழுகிற இடத்தை வேறு இனம் எடுத்துக்கொள்ளும். எல்லாக் காட்டிலும் எல்லா மரத்துக்கும் இது ஒரே அளவில் பொருந்துவதில்லை, இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் ஒரே பயிரை ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டுப் பூச்சியோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இது அந்நியமான சேதியா என்ன?

ஊருக்கு வந்து இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "நம்ம வேப்பமரத்துல பாக்கலாமா தாத்தா?" என்றார்கள். பார்த்தோம். ஆனி, ஆடியில் பழம் உதிர்ந்து முடிந்தபின் நான்கு இடத்தில் பத்துக்குப் பத்து அடி கயிறு கட்டி, வேப்பங்கன்று எண்ணினார்கள். தாய்மரத்தடியில் 214. பனை வரிசைக்குக் கீழே 37. வேலியோரம் 29. வெட்டவெளியில் 2. பனைக்குக் கீழே வேம்பு எப்படி வந்தது என்று ஒரு சர்ச்சை. மட்டையில் உட்காருகிற காக்கையும் மைனாவும் என்று கண்டுபிடித்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை. தை மாதம் திரும்ப எண்ணினோம். தாய்மரத்தடியில் 9. பனைக்குக் கீழே 21. வேலியோரம் 18. வெட்டவெளியில் ஒன்றும் இல்லை. தாய்மர நிழலுக்கும் இதில் பங்கு இருக்கும், பூச்சியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று டீச்சர் சொன்னார்கள். சரிதான். இருந்தாலும் அந்தக் கணக்குக்குப் பிறகு என் தோட்டத்தில் வேப்பங்கன்று நடுவதை நிறுத்திவிட்டேன். வயலுக்குப் பறவைத் தாங்கி வைப்போமே, அதையே தரிசுப் பக்கமும் வைத்தேன். நடுகிற வேலையை அவை பார்க்கின்றன.

மலைவேம்பு கருகிய ஒன்றரை ஏக்கர் இப்போது இப்படி இருக்கிறது. குளத்துக்குப் போகிற வரத்துவாய்க்கால் ஓரம் நாவல், நீர்மருது, புங்கன். நடுவில் இலுப்பை, பூவரசு. மேட்டில் வேம்பு, வெப்பாலை, உசில். இருநூறு அடிதான் தூரம். கூடலூரிலிருந்து மசினகுடி வரை பேருந்தில் பார்த்ததை இருநூறு அடியில் சுருக்கி வைத்த மாதிரி. புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடத்திலும் தானாக முளைத்து நின்றது எது என்று பார்த்து, அதற்கு ஜோடியாக வைத்தேன். முதலிலேயே ஒடுகம்பட்டிக் கொழுஞ்சிப் பண்ணையை ஒழுங்காகச் சுற்றிப் பார்த்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். கட்டாந்தரையாகக் கிடந்த இடத்தை நம்மாழ்வார் ஐயாவும் கூட்டாளிகளும் மரக்காடாக்கியது நம் மாவட்டத்தில்தானே! வங்கியில் இருந்தபோது ஒரு முறை போனேன், மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதுதான் ஞாபகம் இருந்தது.

கடைசியாக அய்யனார் கோயில் காடு. போன வருடம் அதற்குள் 20 மீட்டருக்கு 50 மீட்டர், ஏறக்குறைய 25 சென்ட், கயிறு பிடித்து எண்ணலாம் என்று பூசாரியைக் கேட்டோம். மூன்று நிபந்தனை போட்டார். செருப்புக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது. முதுமலையில் எண் பொறித்த தகடு, எங்களுக்கு வரைபடத் தாள். நெஞ்சு உயரத்தில், நாலரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், தையல்காரர் டேப்பால் சுற்றளவு எடுத்தார்கள். சுற்றளவை 22இல் வகுத்து 7ஆல் பெருக்கினால் விட்டம்; கணக்கு வாத்தியாருக்கு ஏக சந்தோஷம். மூன்று சனிக்கிழமை ஆனது.

காசா மரம் கொத்துக் கொத்தாக 140க்கு மேல். வீரை 31, பெரிதும் சிறிதுமாகக் கலந்து. பாலை 11. பதினொன்றுமே கிழட்டு மரம், இரண்டு பிள்ளைகள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அந்த 25 சென்டில் ஒரு பாலைக் கன்றுகூட இல்லை. பிள்ளைகள் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முழங்கால் உயரம் இல்லை, இடுப்பு உயரம் இல்லை, ஆள் உயரம் இல்லை. வீட்டில் தொண்ணூறு வயதுக் கிழவர்கள் பதினொரு பேர், ஒரு குழந்தை இல்லை என்றால் எப்படி?

நான் இந்தக் காட்டை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்! பார்க்கும்போதெல்லாம் பச்சையாக, அடர்த்தியாகத்தான் இருக்கிறது. கோயில் காடு பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். எண்ணாமல் இருந்திருந்தால், அந்தக் கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாக விழுகிற வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

பூசாரியைக் கூட்டி வந்து காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "எங்கப்பா காலத்துல பாலைப்பழம் பொறுக்க வவ்வாலும் புள்ளைங்களும் போட்டி போடும். இப்ப ஆடுதான் வருது" என்றார். ஆடுதான் காரணமா என்பதற்கும் ஒரு சோதனை வைத்தோம். ஊர்க்கூட்டத்தில் பேசி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் வெளியிலிருந்து கொண்டு வந்த முள்ளால் அடைப்புப் போட்டோம். பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு துண்டு, அடைப்பில்லாமல். இரண்டிலும் பாலை மரம் ஒன்று நிற்கிறது. ஆட்டுக்காரர்கள் இருவர் முதலில் முணுமுணுத்தார்கள். ஒருவர் பேத்தி எண்ணுகிற குழுவில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அமைதியாகிவிட்டார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எண்ணியதில், அடைப்புக்குள் பாலைக் கன்று 4, வெளியே 0. நான்கை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. கோடை தாண்ட வேண்டும். மார்கழியில் ஒன்று காய்ந்து 3 ஆயிற்று. பங்குனியில் அடுத்த எண்ணிக்கை.

வாசகர்களில் யார் ஊரிலாவது கோயில் காடு இருந்தால், பூசாரியிடம் அனுமதி கேட்டு ஒரு 25 சென்ட் எண்ணிப் பாருங்கள். கயிறு, டேப், வரைபடத் தாள் போதும். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் ஊரில் ஆடு மேய்க்கிறவரைக் கூட்டிப் போங்கள். பெரியதைவிடச் சிறியதை நன்றாகத் தேடுங்கள். மழைமானி வைக்க விரும்பும் பள்ளிகள் ஜூன் முதல் தேதி தொடங்கினால் இரண்டு பருவமும் நோட்டில் வந்துவிடும். அட்டை போட்டுக்கொள்ள எதிர்ப்பருவத்து ஊர்ப் பள்ளி ஒன்று வேண்டும் என்றால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். கூடலூர்ப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பள்ளிகளுக்கு எழுதத் தயாராக இருப்பதாக நேற்று வந்த அட்டையில் சொல்லியிருக்கிறார்கள்.